பேட்டரின்னே சொல்லிருங்க

அதெல்லாம் பாத்தாச்சுங்க மெக்கானிக்குத் தம்பி. சாவி போட்டா லைட்டு எரியுது. ஆரன் அடிக்குது, அது அடிக்கற அடியில எங்க ஊட்டுக் கோழி முட்டை போடறதையே நிறுத்திப்போடுச்சு. டிஸ்ப்ளேயில ரெடின்னு பச்சையா எழுத்துக்கூட வருது. ஆக்சிலேட்டரத் திருவுனா மட்டும் நவுர மாட்டேங்குது. பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, மாப்பிள்ளைய மட்டும் காணோம்ன்னா எப்பிடி இருக்கும், அப்பிடி நிக்குதுங்க.

ஹேண்டில்பாரு பக்கம் அப்பறமா வரலாமுங்க, மொதல்ல சீட்டத் தூக்கிப் பாருங்க. எனக்கென்னமோ பேட்டரி மேலதான் சந்தேகம். நானுங்களா? நான் இங்கயே நிக்கறனுங்க, வண்டிக்குப் பின்னால. இங்க நின்னாத்தான் எனக்கு வெய்யில் படாது. ஏனுங்க சிரிக்கறீங்க? மேகம் மூடிக் கெடந்தா வெய்யில் இல்லைன்னு ஆயிருமா? கரடியூரு வெய்யிலு அப்பிடித்தான், பாத்தாத் தெரியாது.

என்ற பேரு பெரியண்ணன். அந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருந்தீங்கன்னா இந்நேரம் வேற எங்கியாவது போயிருப்பீங்க. ஜீப்புக்காரரு ஊடு எதுன்னு கேட்டதுனாலதான் வந்து சேந்தீங்க. எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுனவனுங்க நானு. மேகம் எறங்குனா தொரையே கண்ண மூடிக்குவாரு, நான் தலைய வெளிய நீட்டிக்கிட்டு ஓட்டுவேன். ரோட்டைப் பாத்து ஓட்டறவன் டிரைவரு, ரோடு இல்லாம ஓட்டறவன் பெரியண்ணன்னு நானே சொல்லிக்குவேன். வேற யாரும் சொன்னதில்லீங்க, அதையும் சொல்லிப்போடறேன். பொறவு எஸ்டேட்டு கைமாறுச்சு. ஜீப்ப எடைக்குப் போட்டாங்க. என்னைய எடைக்குப் போட்டா ஒண்ணும் தேறாதுன்னு ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க.

இந்தக் கரண்டு ஸ்கூட்டரு என்ற மக கவிதா எடுத்துக் குடுத்தது. கோயமுத்தூர்ல இருக்கறா. நீங்க இன்னிக்கு வந்ததும் அவ புக் பண்ணுனதுதான். நான் கூப்புடலீங்க. அவங்கம்மாவும் கூப்புடல. போன்ல நாயம் பேசறப்ப அப்பா வண்டி ஓடலைன்னு அவங்கம்மா வாய் தவறிச் சொல்லிப்போட்டா, அந்தப் பக்கம் மக அப்பவே பட்டன அமுக்கிட்டா. நேத்து என்ன சொல்றான்னா, அப்பா, மெக்கானிக் சரி பண்ணுனா ஓட்டுங்க, ஆவாதுன்னு சொன்னா வித்துப்போடலாம், அதோட வண்டிய மறந்துருங்கன்னுட்டா. ஆக எங்க ஊட்டு ஜட்ஜு இன்னிக்கு நீங்கதான். நீங்க சொல்ற ஒரு வார்த்தையிலதான் நான் வண்டிக்காரனா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கறவனான்னு முடிவாகும்.

பஸ்ஸா? வருமுங்க. அதுக்கு மனசு வந்தா வரும்.

இல்லீங்க, அந்த ஸ்கிரூவக் கழட்டுங்க, பேட்டரி நல்லாத் தெரியும். ஆப்புல பாக்கறீங்களா? இங்க டவரு கெடைக்காதுங்களே. டவரு வேணும்னா அந்தப் பாறை மேல ஏறோணும், சுத்திப் பாக்க வர்றவங்க போட்டோ புடிப்பாங்களே, அங்க. நானே ஏறுனனுங்க. கஸ்டமர் கேருல ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு, சார் சாப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க சார்ங்குது. சரின்னு போன எடுத்துக்கிட்டு பாறை மேல நின்னு கைய ஒசத்திப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஈரோட்டுல இருந்து வந்த ஒரு குடும்பம், இவரு நம்மளப் போட்டோ புடிக்கத்தான் நிக்கறாரு போலன்னு நெனச்சு, அவங்க போனையும் என்ற கையில குடுத்துட்டு வரிசையா நின்னுக்கிட்டாங்க. புடிச்சுக் குடுத்தனுங்க. நல்லாத்தான் வந்துச்சு, ஒருத்தருக்குத்தான் தலை இல்ல.

அப்பறம் யூட்யூப்பு. இந்திக்காரன் ஒருத்தன், ஒரு ஸ்கூட்டரப் பிரிச்சுப் போட்டு வவுத்துக்குள்ள இருக்கறதையெல்லாம் வெளிய எடுத்து வெச்சுப் பேசறான். ஒரு எழவும் புரியல. ஆனா அவன் தலையாட்டுனா நானும் தலையாட்டுனேன். என்ற சம்சாரம் அத்தாயி, அதா ஜன்னல்ல நிக்கறாளே, அவ கேக்கறா, ஏனுங்க, இந்தி எப்பங்க படிச்சீங்கன்னு. வண்டிக்காரனுக்கு வண்டிப் பாசை ஒண்ணுதான் அம்மணின்னு சொல்லி வெச்சேன். சொல்லிப்போட்டு அந்த ஆளு சொன்ன மாதிரியே முன்னாடி ஒரு மூடியக் கழட்டுனேன். கழட்டுனது சுலுவா வந்துருச்சு, மாட்டறப்ப ஒரு ஸ்கிரூ மிச்சம் ஆயிப்போச்சு. இந்தாங்க, பத்தரமா வெச்சிருக்கறேன். எங்க போடோணுமோ போட்டுக்கங்க.

டீக்கடை மாதையன் இருக்கறானே, அவன் சொன்னான், திருஷ்டிங்கண்ணா, சேர்வராயனுக்கு வேண்டிக்கிட்டு ஒரு எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வெய்யுங்கன்னு. வெச்சேன். ஆனா எலுமிச்சம்பழம் நசுங்கோணும்ன்னா வண்டி நவுரோணுமுங்களே. வண்டி நவுந்தா நான் ஏன் எலுமிச்சம்பழம் வெக்கறேன்? அது அப்பிடியே இருந்துச்சு, மூணாம் நாளு அத்தாயி எடுத்து ஊறுகாயில போட்டுட்டா.

என்னங்க கேட்டீங்க? பிரேக்க ரப்பர் போட்டுக் கட்டி வெச்சீங்களான்னா? இத யாருங்க உங்களுக்குச் சொன்னது? மாதையனா? அவனுக்கு வாயி இல்லீங்க, ஸ்பீக்கரு. அது பழைய கதைங்க. வண்டி வந்த புதுசுல நடந்தது. இப்ப நடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, கேட்டுப்போட்டீங்க, சொல்றேன். எங்க மலையில எங்க வண்டிய நிறுத்துனாலும் சரிவுதானுங்களே. சமமா ஒரு எடம் வேணும்ன்னா ஊட்டுக்குள்ள கொண்டு போயி நிறுத்தோணும். அதனால பழைய டியூப்பு ரப்பர அறுத்து வெச்சிருப்போம். வண்டிய நிறுத்துனா பிரேக்க அமுக்கி, ரப்பரப் போட்டுக் கட்டிப்போட்டு, டயருக்கு ஒரு கல்லையும் கொடுத்துட்டுப் போயிருவோம். வெள்ளக்கடை, கிளியூரு, எங்க போனாலும் பாருங்க, பைக்குக்கு பைக்கு ரப்பர் தொங்கும். பெட்ரோல் வண்டியில ரப்பர அவுக்க மறந்தாலும் ஒண்ணும் கெடுதல் இல்ல, இஞ்சின் இழுக்கும், எங்கியோ புடிக்குதேன்னு எறங்கிப் பாத்து அவுத்துட்டுப் போவோம். இது அப்பிடி இல்லைன்னு எனக்கு யாருங்க சொன்னா? பிரேக்கு ஒரு நூலளவு அமுங்கியிருந்தாக்கூட மோட்டாருக்குக் கரண்டே போவாதாமே. வாங்கி மறுநா காலையில ரப்பர் கட்டுனது கட்டுனபடி இருக்குது, நான் ஏறி உக்காந்து ஆக்சிலேட்டரத் திருவறேன், கெணத்துல போட்ட கல்லாட்டக் கெடக்குது.

எளக்காரமா நெனைக்காதீங்க, அன்னிக்கு ஊரே கூடிருச்சு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் ஜீப்பு ஓட்டுனவன் இல்லீங்களா, சும்மா இருப்பனா? கன்ட்ரோலரு போச்சுன்னு சொல்லிப்போட்டேன். கன்ட்ரோலருன்னா என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஷோரூம்ல அந்த வார்த்தையக் கேட்டது, கேக்க நல்லா இருந்துச்சு. எல்லாரும் ஆமா ஆமா கன்ட்ரோலருதான்னு நிக்கறாங்க. அப்ப அத்தாயி வாசல் கூட்டிக்கிட்டே வந்தவ, ஏனுங்க, பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குதே, அது எதுக்குங்கன்னு கேட்டா. உனக்கென்ன தெரியும், அக்கட்டால போன்னேன். அவ போகல. வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டு, முன்னால வந்து ரப்பர அவுத்து உட்டா. லைட்டு அணைஞ்சுது. நான் திருவுன ஆக்சிலேட்டரத் திருவுனபடியே புடிச்சுக்கிட்டு நிக்கறனுங்களே, வண்டி ஒரு குதி குதிச்சுச் செம்பருத்திச் செடிக்குள்ள போயிருச்சு. நானும் கூடவே போனேன். அன்னையில இருந்து மாதையன் கடையில எனக்குப் பேரே கன்ட்ரோலருதான்.

அதுக்கப்பறம் ரப்பரே கட்டறதில்லீங்க. கல்லு மட்டுந்தான்.

அத்தாயி, தம்பிக்குக் காப்பி வெய்யி. பால் இல்லியா? அப்ப மாதையன் கடையில ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வந்துரு. நானா? நான் எப்பிடிப் போறது, தம்பிக்கு ஸ்பேனரு எடுத்துக் குடுக்க ஆளு வேண்டாமா? நீயே போயிட்டு வந்துரு சாமி. அந்தக் குடைய எடுத்துக்க.

போயிட்டாளாங்க? சித்தப் பாத்துச் சொல்லுங்க தம்பி. திருப்பம் தாண்டிட்டாளா?

என்ன சொன்னீங்க? பின்னால லைட்டா? ம். அவளுக்குக் குடைய எடுத்துக் குடுக்கறேன்னு நான் நவுந்துட்டனுங்களா. நவுந்திருக்கக் கூடாது.

ஆமாங்க. செவப்பு லைட்டு எரியுது. பத்து நாளா எரியுது. எனக்குத் தெரியும். அதுக்குத்தானுங்க இந்தக் குளுர்ல வெய்யில் வெய்யில்ன்னு பொய் சொல்லிக்கிட்டு நிக்கறேன். சேலத்துல இருந்து வந்த ஆளு எங்க பாக்கப் போறாருன்னு நெனச்சேன், நீங்க கெட்டிக்காரரு.

பொறுங்க, பொறுங்க, கைய வெக்காதீங்க. எங்க இருக்குதுன்னு நானே சொல்றேன். இடப்பக்கப் பிரேக்கு. லீவரு வந்து முட்டி நிக்கற எடத்துல, அந்தச் சந்துல பாருங்க. தெரியுதுங்களா? காப்பிக் கொட்டைங்க. ஒரே ஒரு காப்பிக் கொட்டை. எங்க தோட்டத்துதுதான், நல்லாக் காஞ்ச கொட்டை. பிரேக்குப் புடிக்காது, தள்ளுனா வண்டி உருளும், ஆனா மோட்டாரு மட்டும் சுத்தாது. என்ன அளவா வெச்சிருக்கறா பாருங்க. கம்பெனிக்காரன்கூட இப்பிடி வெக்க மாட்டான்.

வேற யாருங்க, அவதான். அன்னிக்கு ரப்பர அவுத்து உட்டாளே, அதுல கத்துக்கிட்டா.

நான் எப்பிடிக் கண்டுபுடிச்சேனா? ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சுட்டனுங்க. கண்ணால இல்ல. சும்மா பிரேக்கப் புடிச்சேன், புடிக்கறப்ப வெரலுக்கு வித்தியாசமா இருந்துச்சு. இத்தன வருசம் ஸ்டியரிங்கும் கியரும் புடிச்ச கைங்க, ஒரு கொட்டை கூடக் குறைச்சல் தெரியாதா? எடுத்துப் பாத்தேன். நடு ஸ்டாண்டு போட்டபடி ஆக்சிலேட்டரத் திருவுனேன், சக்கரம் ஜம்முன்னு சுத்துது. வந்துச்சு பாருங்க ஒரு கோவம். இவ யாரு என்ற வண்டிய நிறுத்தறதுக்குன்னு, கொட்டைய உள்ளங்கையில வெச்சுக்கிட்டு அடுப்படிக்கே போயிட்டேன். அங்க அவ முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து மொறத்துல ராகி பொடைச்சுக்கிட்டு இருந்தா. பாத்துக்கிட்டே நின்னேன். திரும்பி வந்து, எடுத்த எடத்துலயே அந்தக் கொட்டைய வெச்சேன். வெக்கறப்ப அழுகை வந்துருச்சுங்க. இந்த வயசுல ஒரு காப்பிக் கொட்டைய வெச்சு அழுதவன் இந்த மலையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அதுக்கப்பறம் பண்ணுனதெல்லாம் நாடகம். பாறை மேல ஏறுனது, இந்திக்காரன், எலுமிச்சம்பழம், எல்லாம் அவளுக்கோசரம். எனக்குத் தெரியும்ன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்ற மொகத்தப் பாக்க மாட்டா. அவளும் தெனமும் காலையில கூட்டற சாக்குல வந்து, ஒரு கண்ணு பிரேக்கப் பாத்துட்டுத்தான் போறா. கொட்டை இருக்குதான்னு. ரெண்டு பேரும் ஒரே வண்டிக்குக் காவல் காக்கறோமுங்க.

எதுக்குன்னா கேக்கறீங்க? சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு. நீங்க அந்தக் கொட்டைய எடுக்க வேண்டாம். எடுத்துராதீங்க கண்ணு, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பேட்டரி போச்சுன்னு சொல்லிருங்க. பிரேக்குங்கற பேச்சே எடுக்காதீங்க. மோட்டாருன்னுகூடச் சொல்லாதீங்க, நாம வெச்ச கொட்டையிலதான் மோட்டாரு கெட்டுப்போச்சோன்னு அவ மருகிருவா. பேட்டரிதான் நல்லது. பேட்டரி தானாப் போவும், அதுக்கு யாரும் காரணம் இல்ல.

வாரண்டி இருக்குதா? அட, அது எதுக்குங்க இப்ப. ஓசியில மாத்திக் குடுப்பாங்களா? வேண்டாமுங்க. பெட்ரோல் வண்டி மெக்கானிக்குங்க கூப்புட்டாக்கூட வர மாட்டானுங்க, என்ற நேரம், எனக்குன்னு வந்தவரு இவ்வளவு நல்லவரா இருக்கறீங்க. இந்த மாடலுக்குப் பேட்டரி வர்றது நின்னு போச்சுன்னு சொல்லுங்க. மலைக்கெல்லாம் வாரண்டி செல்லாதுன்னு சொல்லுங்க. பொய்யின்னு பாக்காதீங்க. உங்க வேலையில ஒரு நாளைக்கு எத்தன பேருகிட்ட பார்ட்ஸ் நாளைக்கு வந்துரும்ன்னு சொல்றீங்க, அதுல ஒண்ணா நெனச்சுக்கங்க.

வர்றா. பால் வாங்கிட்டு வர்றாளுங்களா? சரி, சீட்டுக்குள்ளயே பாத்துக்கிட்டு இருங்க. மொகத்த நல்லாத் தொங்கப் போட்டுக்கங்க. இன்னும் கொஞ்சம். போதும்.

அத்தாயி, கேட்டியா? தம்பி பாத்துட்டாரு. பேட்டரி போச்சாம். நான்தான் மொதல்லயே சொன்னனே, பேட்டரின்னு. வேற பேட்டரியா? வராதாம், அந்த மாடலே நிறுத்திட்டாங்களாம். சொல்லுங்க தம்பி. பாத்தியா, அவரே தலையாட்டறாரு. ஆவாதாம் சாமி. இனி இத வெச்சுக் கும்புடத்தான் முடியும்.

ஆமா, பஸ்ஸுலதான் போவோணும். நீ என்ன இப்பிடிச் சிரிச்ச மொகமா சொல்ற? இல்ல இல்ல, சிரிக்கல, சரி. கவிதாகிட்ட நீயே சொல்லிரு, வித்துப்போடட்டும். நீ போயிக் காப்பி போடு.

பாத்தீங்களா தம்பி? பஸ்ஸுல போயிக்கலாங்கன்னு, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சொல்றா. ஒடம்பே எறங்குது பாருங்க அவளுக்கு. பத்து நாளா தோளத் தூக்கிக்கிட்டே நடந்தா.

இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன். பொகை பட்டுருச்சு. அடுப்புப் பொகை.

காப்பி வந்துருச்சுங்களா? குடிங்க தம்பி. இது எங்க சொந்தக் காப்பி, சிக்கரி கெடையாது. எனக்கும் வெச்சுட்டுத்தானே போனா? எங்க வெச்சா? இடப்பக்கமா? அதானே. இல்லீங்க, அந்தப் பக்கம் எனக்குத் தெரியறதில்ல. நேரா நிக்கற உங்களத் தெரியுது, பல்லுல வெத்தலைக் கறை இருக்கறதுகூடத் தெரியுது, இடப்பக்கம் மட்டும் மேகம் எறங்குன மாதிரி ஒண்ணுமே இல்ல. சேலத்து ஆஸ்பத்திரியில பாத்தாங்க. கண்ணுக்குள்ள நரம்பு செத்துப்போச்சாம், போனது போனதுதானாம், இருக்கறதக் காப்பாத்திக்கச் சொட்டு மருந்து குடுத்திருக்கறாங்க. மககிட்ட இன்னும் சொல்லல. டாக்டரு வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னப்ப அத்தாயி பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஊட்டுக்கு வந்ததும் அவகிட்டச் சொன்னேன், அந்தாளு கார்ல போறவரு, அவருக்கு என்ன தெரியும், எனக்கு இந்த ரோடு கண்ண மூடிக்கிட்டாலும் தெரியும்ன்னு. ஜீப்புக்காரன்கிட்ட வண்டி ஓட்டாதேன்னு சொல்ல அவளுக்கு வாயி வரல.

அப்பறம் ஒரு நாளு சந்தைக்குப் போயிட்டு வர்றோம், அவ பின்னால உக்காந்திருக்கறா. மாதையன் மருமக பானு ரோட்டுக்கு இடப்பக்கமா நடந்து போயிருக்குது, இடுப்புல பச்சைக் கொழந்தைய வெச்சுக்கிட்டு. நான் பாக்கலீங்க. அப்பிடி ஒருத்தி அங்க நடந்து போறாங்கறதே எனக்குத் தெரியாது. பின்னால உக்காந்திருந்த இவ, கைய நீட்டி அந்தப் பொண்ண வேலிக்குள்ள தள்ளி உட்டிருக்கறா. வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு. என்ன அம்மணின்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, சேலை பறந்துச்சு, இழுத்து உட்டேன்னா. ரோடு வலப்பக்கமா வளையறப்ப அந்தப் பக்கக் கண்ணாடியில பாத்தா, அந்தப் பொண்ணு வேலியோரமா உக்காந்து கொழந்தையத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்குது. பறந்தது சேலை இல்லைன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அப்பிடியே ஊட்டுக்கு வந்துட்டோம். மறுநா காலையில வண்டி எடுக்கறேன், ஓடல.

குடிங்க தம்பி, ஆறிப்போகுது.